காலித் தோட்டா வியாபாரம்: லாபம் மேலே, ஆபத்து கீழே!

(நமது நிருபர்)

மூட்டையின் வாயை அவிழ்த்துக் கவிழ்த்தார்கள். கலகலவென்று கொட்டியது. கோயில் உண்டியலைத் திறந்து கொட்டியது போல் சத்தம்!

கொட்டியது காசு அல்ல. துப்பாக்கித் தோட்டாவின் காலி ஓடுகள். சுட்டு முடித்த பிறகு துப்பாக்கி வெளியே துப்பும் பித்தளைக் குழாய்கள். மஞ்சளாகச் சில. புகை படிந்து கறுப்பாகச் சில. மண்ணோடு சில.

இடம்: வட சென்னையில் ஒரு பழைய உலோக குடோன். சாக்கு விரித்து நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கை மட்டும் மிஷின் மாதிரி ஓடியது. ஓட்டை எடுப்பது, வாயைப் பார்ப்பது, திருப்பி அடியைப் பார்ப்பது, கூடையில் போடுவது. எடுப்பது, பார்ப்பது, போடுவது.

திடீரென்று ஒரு அம்மாள் கையை நிறுத்தினார். வயது ஐம்பது இருக்கும்.

"அண்ணாச்சி, இதுல பொட்டு இல்ல" என்றார்.

அவ்வளவுதான். நாலு பெண்களும் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள்!

அது என்ன பொட்டு? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பொட்டு என்றால் உயிர்

தோட்டா ஓட்டின் அடிப்பக்கம், நடுவில், பட்டாணி அளவுக்கு ஒரு சின்ன மூடி இருக்கும். தொழிலில் 'கேப்பு' என்பார்கள். துப்பாக்கியின் ஊசி அதில் குத்தினால் கேப்பு தீப்பிடிக்கும். அந்தத் தீ உள்ளே உள்ள மருந்தைப் பற்ற வைக்கும். குண்டு பறக்கும்.

ஊசி குத்திய இடத்தில் ஒரு பள்ளம் விழும். அதைத்தான் அந்த அம்மாள் 'பொட்டு' என்கிறார். பொட்டு இருந்தால் பெரும்பாலும் சுட்டது. பொட்டு இல்லை என்றால் சுடாதது!

அன்று கிடைத்த ஓட்டில் குண்டு இல்லை. வாய் காலி. பார்த்தால் வெறும் ஓடு மாதிரிதான் இருந்தது. ஆனால் கேப்பு உயிரோடு இருந்தது. அதை அடுப்பில் போட்டால் படாரென்று வெடிக்கும். பக்கத்தில் நிற்பவன் கண் போகும்.

அந்த ஒரு ஓட்டைத் தனியே வைத்துவிட்டு, குடோன் முதலாளி போலீசுக்குப் போன் போட்டார். அன்று மீதி வேலை நின்றது.

"ஒரு நாள் வேலை போனா வட்டி யாரு தம்பி கட்டுவா?" என்று நம்மிடம் அலுத்துக்கொண்டார். "ஆனா, பாத்த பிறகு பாக்காத மாதிரி இருக்க முடியுமா, சொல்லுங்க."

பாக்காத மாதிரி இருப்பவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. அங்கேதான் விபரீதம் தொடங்குகிறது.

70-க்கு 30

காயலான் கடைக்கு வருகிற பித்தளையில் பல ரகம். பழைய குழாய், பூட்டு, தாழ்ப்பாள், உடைந்த செம்பு, அண்டா என்று எல்லாம் கலந்து வரும். எதில் எவ்வளவு செம்பு, எவ்வளவு துத்தநாகம், எவ்வளவு ஈயம் என்று யாருக்குத் தெரியும்? உருக்கிப் பார்த்தால்தான் பல்லிளிக்கும்!

ராணுவத் தோட்டா ஓடு அப்படி இல்லை. நூற்றுக்கு 70 பங்கு செம்பு. 30 பங்கு துத்தநாகம். உலகம் முழுக்க ஏறக்குறைய இதே கணக்குதான். துப்பாக்கிக்குள் வெடிக்கும்போது ஓடு விரிய வேண்டும், கிழியக் கூடாது. அதற்கு ஏற்ற கலவை இது.

பட்டறைக்காரருக்கு இது லட்டு மாதிரி. என்ன கலவை என்று சந்தேகமே இல்லை. அதனால் மற்ற பித்தளைக் கழிவை விட இதற்கு மதிப்பு அதிகம். உருக்கினால் குழாய், வால்வு, மணி, பாத்திரம், குத்துவிளக்கு என்று எதுவாகவும் மாறும். எல்லையில் சுட்டது பூஜை அறையில் எரியலாம்!

எடைக் கணக்கைக் கேளுங்கள். 7.62 மி.மீ. ரைபிள் ஓடு ஒன்று ஏறக்குறைய 12 கிராம். ஒரு கிலோவுக்கு 80, 90 ஓடு பிடிக்கும். 9 மி.மீ. பிஸ்டல் ஓடு என்றால் கிலோவுக்கு 250 வரை ஆகும். அதாவது ஒரு டன் ரைபிள் ஓடு என்றால் 80 ஆயிரத்துக்கு மேல்!

80 ஆயிரம் ஓட்டில் ஒரே ஒரு பொட்டு இல்லாத ஓடு. அதைக் கண்டுபிடிப்பதுதான் அந்த அம்மாளின் வேலை.

சீமாட்டியும் ஆட்டுக்குட்டியும்

உலக ஸ்கிராப் சந்தையில் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு செல்லப் பெயர் உண்டு. தோட்டா ஓட்டுக்கும் உண்டு.

கேப்பு கழற்றிய பெரிய ஓடு என்றால் 'லேஸ்'. கேப்போடு இருந்தால் 'லேடி'. சுட்டு முடித்த ரைபிள், சிறு துப்பாக்கி ஓடு என்றால் 'லேக்'. அதையே உலையில் வைத்துப் பொரித்தெடுத்தால் 'லாம்'.

பொரித்தெடுப்பதா? ஆமாம். மூடிய உலையில் ஓடுகளைச் சூடாக்குவார்கள். தப்பித் தவறி உயிரோடு இருக்கும் கேப்பு ஏதாவது இருந்தால், சோளம் பொரிவது போல் உள்ளேயே பொரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சரக்கு ஆட்டுக்குட்டி மாதிரி சாது. அதனால்தானோ என்னவோ அந்தப் பெயர்!

பெயரிலேயே விஷயம் இருக்கிறது பாருங்கள். கேப்பு இருக்கிறதா, இல்லையா, பொரித்ததா, பொரிக்காததா? இதை வைத்துத்தான் ரகமே பிரிக்கிறார்கள். உலகத்து வியாபாரிகளுக்கு எல்லாம் இந்த ஆபத்து தெரியும் என்று அர்த்தம்.

எங்கிருந்து வருகிறது?

தோட்டா ஓடு என்றதும் போர்க்களம்தான் நினைவுக்கு வரும். அது தப்பு. பெரும்பாலும் இது பயிற்சியில் சுட்டது. ராணுவம், துணை ராணுவம், போலீஸ் எல்லோரும் சுட்டுப் பழகுகிறார்கள். சுட்ட ஓட்டை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும், கணக்கு உண்டு. ஒரு பகுதி மறுபடி உருக்குவதற்கு ராணுவத் தொழிற்சாலைக்கே போகும். இன்னொரு பகுதி ஏலத்துக்கு வரும்.

சென்னைக்கு இந்த வியாபாரம் புதிது அல்ல. இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்ததும் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன சரக்குகள் நாடெங்கும் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் சாமான்' என்ற சொல்லே அப்போது வந்து ஒட்டிக்கொண்டதுதான். 1985 மே 30-ந் தேதி தீயில் அழிந்த மூர் மார்க்கெட்டில் பட்டாள பூட்சும் தண்ணீர்க் குடுவையும் வாங்கியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்து ஏலம் கையைத் தூக்கும் ஏலம். பத்துப் பேர் டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுத்தான் ஏலத்துக்கே போவார்கள். ஒருவர் கேட்பார், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். சிண்டிகேட்!

இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டர் ஏலம். மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் இதில் முக்கியமானது. 1964-ல் உலோகக் கழிவு வியாபாரத்துக்காகவே தொடங்கிய நிறுவனம் அது. தலைமை அலுவலகம் கொல்கத்தா. பெயரைப் பதிவு செய்து, முன்பணம் கட்டினால் சென்னையில் உட்கார்ந்தபடியே வடநாட்டு லாட்டுக்கும் விலை கேட்கலாம். சில லாட்டுகளை யார் எடுக்கலாம் என்று தனி நிபந்தனையும் போடுவார்கள்.

எல்லா நிபந்தனைக்கும் மேலே ஒன்று இருக்கும். 'உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கிறபடி.' அதாவது, நேரில் போய்ப் பார்த்துக்கொள். எடுத்த பிறகு அழாதே!

பத்து டன் கணக்கு

சரி, லாபம் எவ்வளவு? அண்ணாச்சியோடு உட்கார்ந்து ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பித்தளை விலை லண்டன் சந்தையில் செம்பு விலை ஏறி இறங்குவதைப் பொறுத்துத் தினமும் மாறும். எனவே இது இன்றைய விலை அல்ல. கணக்குப் புரிவதற்காக, கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பத்து டன் லாட். விலை 10 லட்சம் ரூபாய்.

லாரி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி 40 ஆயிரம்.

பணத்துக்கு வட்டி 20 ஆயிரம்.

சாக்கு விரித்துப் பொறுக்கிப் பார்க்கும் கூலி 20 ஆயிரம்.

ஆக மொத்தம் 10 லட்சத்து 80 ஆயிரம்.

இதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஒரு லட்சத்து 80 ஆயிரம். விற்கும்போது அது ஈடாகிவிடும். ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

இப்போது சேதாரம். பத்து டன்னும் பித்தளை அல்ல. மண் இருக்கும், கல் இருக்கும், ஈயம் இருக்கும். இரும்பு ஓடும் இருக்கும். சில வெளிநாட்டு ரகத் தோட்டாக்களின் ஓடு இரும்பில் செய்தது. மேலே செம்பு பூசியிருந்தால் கண் ஏமாந்துபோகும். காந்தம் ஏமாறாது!

நூற்றுக்கு 4 சேதாரம் என்றால் நல்ல பித்தளை 9 ஆயிரத்து 600 கிலோ. கிலோ 115 ரூபாய் என்று பட்டறைக்குப் போட்டால் 11 லட்சத்து 4 ஆயிரம். லாபம் 24 ஆயிரம்.

நூற்றுக்கு 7 சேதாரம் என்றால் 9 ஆயிரத்து 300 கிலோதான். அதே விலைக்குப் போட்டால் 10 லட்சத்து 69 ஆயிரத்து 500. நஷ்டம் 10 ஆயிரத்து 500!

பத்து லட்சத்தைப் புரட்டிப்போட்டு, மூன்று சதவீத மண்ணில் முதலுக்கே மோசம். இதுதான் இந்தத் தொழில்.

"வெளியில இருந்து பாத்தா பட்டாளத்துச் சரக்கு, கோடி கோடியா சம்பாதிக்கிறான்னு நினைப்பாங்க" என்று சிரித்தார் அண்ணாச்சி. "லாபம் எல்லாம் எடைமேடையில இருக்கு தம்பி. கொஞ்சம் அசந்தா போச்சு."

இப்போது அந்தக் கணக்கை மறுபடி பாருங்கள். எந்தச் செலவைக் குறைக்கலாம்? லாரிக்காரன் விடமாட்டான். வட்டிக்காரன் விடவே மாட்டான். மிச்சம் இருப்பது பொறுக்கும் கூலி 20 ஆயிரம்.

அதில் கை வைத்தால் 24 ஆயிரம் லாபம் 44 ஆயிரம் ஆகும்.

அந்த 20 ஆயிரம்தான் பொட்டு பார்க்கும் கூலி!

அமெரிக்காவில் வேறு கதை

அமெரிக்காவில் இதே காலி ஓட்டுக்கு வேறு கிராக்கி. அங்கே சுட்ட ஓட்டில் புதுக் கேப்பு மாட்டி, மருந்து போட்டு, குண்டு வைத்து மறுபடி சுடுவார்கள். அதற்கென்றே கம்பெனிகளும் உண்டு. வீட்டிலேயே செய்பவர்களும் ஏராளம். எனவே நசுங்காத ஓடு என்றால் உருக்கும் விலையை விடக் கூடுதல் விலை கிடைக்கும்.

2009 மார்ச்சில் அந்த நாட்டுப் பாதுகாப்புத் துறை, இனி சுட்ட ஓட்டை நசுக்கித்தான் விற்போம் என்றது. தோட்டாக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். மொன்டானா மாநில செனட்டர்கள் இருவரும் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். சில நாளிலேயே முடிவு வாபஸ்!

நம் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால் ஜெயில். இங்கே ஓட்டுக்கு ஒரே போக்கிடம் உலைதான். முழுசாக வாங்கினாலும் நசுக்கி வாங்கினாலும் விலை ஒன்றுதான். நசுக்கி வாங்குவதே நல்லது.

எமன் எங்கே ஒளிந்திருக்கிறான்?

துப்பாக்கி ஓட்டின் கேப்பு கண்ணைப் பறிக்கும். பீரங்கிக் குண்டு குடும்பத்தையே பறிக்கும்.

பீரங்கிக் குண்டின் உடம்பு இரும்பு. ஆனால் அதன் மூக்கில் திருகியிருக்கும் 'பியூஸ்' பலவற்றில் பித்தளை. இடுப்பில் சுற்றியிருக்கும் வளையம் பெரும்பாலும் செம்பு. இரும்பு சல்லிசு, செம்பும் பித்தளையும் விலை அதிகம். எனவே பொறுக்குபவன் கை நேராக எங்கே போகும்? மூக்குக்கும் இடுப்புக்கும்!

சுட்ட குண்டு எல்லாம் வெடிப்பதில்லை. வெடிக்காமல் மண்ணில் புதைந்துபோவதும் உண்டு. வெடிக்காத குண்டுதானே என்று நினைக்கக் கூடாது. சுடாத குண்டை விட, சுட்டு வெடிக்காத குண்டுதான் அதிக ஆபத்து. பீரங்கியில் இருந்து புறப்பட்டதும் பியூஸ் பூட்டு திறந்து தயாராகிவிடும். ஒரு தட்டுக்குக் காத்திருக்கும். அந்தத் தட்டைத்தான் சுத்தியல் கொடுக்கிறது.

நடந்தவற்றைப் பாருங்கள்.

2004 செப்டம்பர் 30: டெல்லிக்குப் பக்கத்தில் காசியாபாத் மாவட்டம் சாகிபாபாத். ஒரு இரும்பு உருக்காலையில் வெளிநாட்டில் இருந்து வந்த ஸ்கிராப்பில் வெடிக்காத குண்டுகள் கலந்திருந்தன. வெடித்ததில் 10 தொழிலாளர்கள் பலியானார்கள். அதைத் தொடர்ந்து நாட்டின் பல இடங்களில் ஸ்கிராப் குவியல்களில் குண்டுகள் கிடைத்தன.

2018 நவம்பர் 20: மகாராஷ்டிரத்தில் வார்தா மாவட்டம் புல்காவ் ராணுவ வெடிமருந்துக் கிடங்கின் திடல். பழைய வெடிமருந்தை அழிக்கும் வேலையின்போது வெடித்தது. 6 பேர் பலி. காண்டிராக்ட் கூலிகளும் அதில் உண்டு.

2019 ஆகஸ்ட் 25: நம் சென்னைக்குப் பக்கத்திலேயே, திருப்போரூரை அடுத்த மானாமதி கிராமம். கோயில் அருகே கிடைத்த மர்மப் பொருளை வாலிபர்கள் எடுத்துப் பார்த்தார்கள். வெடித்தது. உயிர்கள் போயின.

2024 ஏப்ரல் 25: மத்தியப் பிரதேசம் ஜபல்பூர். ஊருக்கு வெளியே ஒரு பழைய உலோக குடோன் வெடித்துத் தரைமட்டம் ஆனது. உள்ளே இருந்த தொழிலாளர்கள் மாண்டார்கள். தேசிய பாதுகாப்புப் படையின் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து ஆராய்ந்தார்கள். இடிபாட்டில் குண்டு ஓடுகள் கிடந்தன.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஸ்கிராப் வெடித்த இடங்களில் செத்தவர்கள் உருக்குபவர்கள், இறக்குபவர்கள், உடைப்பவர்கள். ஏலம் கேட்டவர்கள் பெயரும், சரக்கை அனுப்பியவர்கள் பெயரும் சாவுப் பட்டியலில் வருவதில்லை. லாபம் மேலே ஏறுகிறது. ஆபத்து கீழே இறங்குகிறது!

ஒரு காகிதம் எங்கே நிற்கிறது?

இதைத் தடுக்க வழியே இல்லையா? இருக்கிறது. ஒரு காகிதம்.

ராணுவ ஸ்கிராப்பில் வெடிபொருள் இல்லை என்று சோதித்துச் சான்று தரும் வழக்கம் உண்டு. 2004 விபத்துக்குப் பிறகு வெளிநாட்டு ஸ்கிராப்புக்கும் மத்திய அரசு கெடுபிடி போட்டது. பொடியாக்காத உலோகக் கழிவு என்றால், கப்பல் ஏறும் முன்பே சோதனைச் சான்றிதழ் வேண்டும். ஆயுதம், கண்ணிவெடி, குண்டு, தோட்டா எதுவும், பயன்படுத்தியதானாலும் சரி, பயன்படுத்தாததானாலும் சரி, உள்ளே இருக்கக் கூடாது. கதிர்வீச்சும் பார்த்திருக்க வேண்டும். குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் வரலாம். சென்னையும் அதில் ஒன்று.

கதிர்வீச்சு எதற்கு என்கிறீர்களா? 2010-ல் டெல்லி மாயாபுரி காயலான் மார்க்கெட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு பல்கலைக்கழகம் பழைய ஆராய்ச்சிக் கருவியை ஏலத்தில் விற்றது. உள்ளே கோபால்ட் கதிரியக்கப் பொருள் இருந்தது. பிரித்துப் பார்த்தார்கள். ஒரு தொழிலாளி செத்தே போனார். 'ஏலத்தில் எடுத்தது, எனவே பத்திரம்' என்று சொல்ல முடியுமா?

காகிதத்தில் உள்ள கோளாறு இதுதான். அது முதலில் வாங்கியவர் பைலில் தூங்கும். அவர் ரெண்டு டன்னைப் பிரித்து இன்னொருவருக்கு விற்பார். அவர் அதை நாலாகப் பிரிப்பார். கடைசியில் சந்துக்குள் இருக்கும் பட்டறைக்கு அரை மூட்டை போகும்போது, மூட்டை மட்டும் போகும். காகிதம் போகாது!

நடுவில் யாராவது ரேஞ்சில் பொறுக்கிய திருட்டு மாலை நாலு கிலோ சேர்த்திருந்தால்? கேட்க ஆள் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

லைசென்ஸ் இல்லாமல் உயிருள்ள தோட்டா ஒன்று வைத்திருந்தாலும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். மறுபடி தோட்டாவாகச் சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சிறு உதிரிப் பாகங்களுக்கு அதே சட்டத்தின் 45-வது பிரிவு விலக்குத் தருகிறது. ஆனாலும், எங்கே வாங்கினாய் என்று கேட்டால் காட்டுவதற்கு பில் வேண்டும்.

திருட்டுச் சரக்கு என்று தெரிந்து வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவு பாயும். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த சட்டம் அது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 411 என்று சொன்னார்களே, அதேதான்.

வரி விஷயமும் ஒன்று. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் பதிவு பெற்ற வியாபாரி உலோக ஸ்கிராப் வாங்கினால், அதற்கு உரிய ஜி.எஸ்.டி.யை வாங்கியவரே கட்ட வேண்டும். 'அவன் கட்டலை, எனக்கு என்ன' என்ற பேச்சு செல்லாது. இதனால் ஒரு நன்மையும் உண்டு. யாரிடம் வாங்கினோம் என்று எழுத்தில் வந்துவிடும்.

புகையும் சும்மா இல்லை

வெடிக்காத ஓடும் உடம்பை விடுவதில்லை. பித்தளை உருகும் சூட்டில் அதில் உள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையாக எழும்பும். அதை மூச்சில் இழுத்தவனுக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். உடம்பு நடுங்கும். மறுநாள் போய்விடும். மலேரியா என்று மாத்திரை வாங்கித் தின்பவர்களும் உண்டு. அது கொசுக் காய்ச்சல் அல்ல, பித்தளைக் காய்ச்சல்!

சுட்ட ஓட்டின் கேப்பில் ஈயத் தூளும் ஒட்டியிருக்கும். கையைக் கழுவாமல் டீயும் பன்னும் தின்றால் அது வயிற்றுக்குள் போகும். வீட்டில் பிள்ளையைத் தூக்கினால் பிள்ளைக்கும் போகும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வேலைச் சட்டையை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

வாங்குபவர்கள் கவனத்துக்கு

இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்கும், கடைக்கு வருகிற சரக்கை எடுக்கும் சின்ன வியாபாரிகளுக்கும் அண்ணாச்சி சொன்னதைத் தொகுத்துத் தருகிறோம்.

லாட்டை நேரில் பார்க்காமல் விலை கேட்காதீர்கள். மேலாகப் பார்க்காமல், குவியலின் அடியைக் கிளறிக் காட்டச் சொல்லுங்கள். கூடவே ஒரு காந்தம் இருக்கட்டும்.

வெடிபொருள் இல்லை என்ற சான்று இல்லாத ராணுவச் சரக்கைத் தொடாதீர்கள். நீங்கள் பிரித்து விற்றால் சான்றின் நகலையும் பில்லோடு கொடுங்கள். வாங்குபவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

பொறுக்கும் கூலியில் சிக்கனம் பிடிக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் கை ஓடும், கண் ஓடாது. நாள் கூலி கொடுங்கள்.

குண்டு செருகியிருந்தாலும், வாய் பூ மொட்டு மாதிரி மடிந்து மூடியிருந்தாலும், அடியில் பொட்டு இல்லாவிட்டாலும் அதைத் தனியே விட்டு விலகுங்கள். திறந்து பார்க்காதீர்கள். தண்ணீரில் போட்டால் சரியாகிவிடும் என்பது வெறும் கதை.

பீரங்கிக் குண்டு, பியூஸ், ராக்கெட் மாதிரி எது வந்தாலும் எடையே போடாதீர்கள். ஆட்களை வெளியேற்றிவிட்டு 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். பையன் யாராவது கோணிப்பையில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால், 'ஓடிப்போ' என்று விரட்டவும் கூடாது. அவன் அதை அடுத்த கடைக்குத்தான் எடுத்துப் போவான். அந்தக் கடையில் சுத்தியல் இருக்கும்!

இருபது ஆயிரம் ரூபாய்

1914 செப்டம்பர் 22-ந் தேதி ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை மேல் குண்டு வீசியது. அந்தக் குண்டு விழுந்த நினைவாக ஐகோர்ட்டு வளாகச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. கப்பல் வந்தது, சுட்டது, போய்விட்டது. ஆனால் 'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சு மட்டும் நூறு வருடம் தாண்டியும் போகவில்லை. பித்தளை வியாபாரத்திலும் எம்டன்கள் இருக்கிறார்கள். பொறுக்காமலே மூட்டையைக் கைமாற்றி, 20 ஆயிரத்தைச் சட்டைப் பையில் போடும் எம்டன்கள்.

மறுநாள் அந்த குடோனுக்கு மறுபடி போனோம். வேலை தொடங்கியிருந்தது. அந்த அம்மாள் அதே சாக்கில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பயமா இல்லையாம்மா?" என்று கேட்டோம்.

"பயந்தா சோறு யாரு தம்பி போடுவாங்க?" என்றார். கை நிற்கவில்லை. "எனக்கு இன்னா, பாத்துட்டேன், எயுந்து வந்துட்டேன். நான் பாக்காம வுட்டா அது பட்டறைக்குப் பூடும். அங்க உலைல நிக்கிற புள்ளைக்கு அதுல பொட்டு இருக்குதா இல்லையான்னு இன்னா தெரியும்?"

அடுத்த ஓட்டை எடுத்தார். வாயைப் பார்த்தார். திருப்பினார். பொட்டு இருந்தது. கூடையில் போட்டார்.

அந்தக் கூடை எந்தப் பட்டறைக்குப் போகும், உலையில் யார் நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. நின்றவனுக்கும் இவரைத் தெரியாது. ஆனால் அவன் சாயங்காலம் கண்ணோடும் கையோடும் வீட்டுக்குப் போவது, பத்து லட்சம் கணக்கில் அந்த இருபது ஆயிரத்தை அண்ணாச்சி அடிக்காமல் விட்டதால்தான்.